மூன்று வருடமாக இருட்டில் தடவும் என் 50 மி.மீ. லென்ஸ்

ரிப்பேருக்குப் போயிருந்த என் 50 மி.மீ. லென்ஸ் போன வாரம்தான் கைக்கு வந்தது. அன்றைக்கென்று பார்த்து நண்பன் ஒருவன் கேட்கிறான்: “ராத்திரியில ஊரைப் படம் எடுக்கவும், காஸ்ப்ளே ஷூட்டுக்கும் (கதாபாத்திர வேடம் போட்டவங்களைப் படம் எடுக்க) உன்னோட மாதிரி 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் வாங்கலாம்னு இருக்கேன், என்னடா சொல்ற?”

“வேண்டாம்டா” என்றேன்.

ஏன் என்று கேட்டான். சொல்ல ஆரம்பித்து, அரை மணி நேரம் லென்ஸின் புகழ் பாடியிருக்கிறேன். “அப்போ வாங்கவா?” என்றான். “அதான் வேண்டாம்னு சொன்னேன்ல” என்று எரிந்து விழுந்துவிட்டேன். பாவம், அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேமராவோடு வந்த கிட் லென்ஸ் 50 மி.மீ. பக்கம் போனால் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது (இந்த எண் குறையக் குறைய லென்ஸின் வாய் அகலும்). இது 1.8 வரை திறக்கும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 12800 வைத்து மணல் கொட்டியது போல வந்த படங்கள், இந்த லென்ஸ் வந்த பிறகு 1600-க்குள் முடிந்தன. பின்னால் தள்ளி இருக்கும் கடை விளக்குகள் வட்ட வட்டமாக உருகி நிற்கும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகவே மனசு வரவில்லை.

வினை ஃபோகஸில்தான். பகலில் தங்கமான லென்ஸ். இருட்டியதும் ஆளே மாறிவிடும். ஷட்டரைப் பாதி அழுத்தினால் ‘கர்ர்ர்’ என்று கடைசி வரை போகும், அங்கிருந்து ‘கர்ர்ர்’ என்று திரும்பி வரும், ‘டொக்’ என்று நிற்கும். எதைப் பிடித்தது என்று அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆட்டோஃபோகஸுக்கு இருளும் ஒளியும் சந்திக்கும் ஒரு விளிம்பு வேண்டும். காஸ்ப்ளே ஆட்களோ ஃபோம் ஷீட்டை வெட்டி, கறுப்பு அடித்து, அதன் மேல் வெள்ளிப் பொடி தடவிய கவசத்தோடு வந்து நிற்பார்கள். முகத்தை ஹெல்மெட் மூடியிருக்கும். என் கேமரா பழைய டிஎஸ்எல்ஆர். கண்ணைத் தேடிப் பிடிக்கும் வித்தையெல்லாம் அதற்குத் தெரியாது. ஹெல்மெட்டில் கண் எங்கே இருக்கிறது, அது வேறு.

ஒருமுறை ஒரு பெண் வாளைக் கேமராவை நோக்கி நீட்டி, பத்து நிமிடம் கை நடுங்க நின்றார். நாற்பது படம் எடுத்தேன். வீட்டில் வந்து பெரிதாக்கிப் பார்த்தால், வாள் முனையில் பெயின்ட் உரிந்த இடம் வரைக்கும் தெரிகிறது. முகம் மட்டும் பனிமூட்டம். ஒன்றரை மீட்டர் தூரத்தில் 1.8-இல் எடுத்தால் துல்லியமாக விழுவது சுமார் 6 சென்டிமீட்டர் ஆழம்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. மூக்கும் காதும் ஒன்றாக விழாத இடத்தில் வாளும் முகமும் எப்படி விழும்? இது லென்ஸின் குற்றமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாளைப் பிடி என்று நானா அதற்குச் சொன்னேன்?

அந்தக் கோபத்தில்தான் மேனுவல் ஃபோகஸ், அதாவது கையாலேயே லென்ஸ் வளையத்தைத் திருப்பி ஃபோகஸ் பிடிப்பது, பழகினேன். ட்ரைபாடில் கேமராவை வைத்து, லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) தூரத்துத் தெருவிளக்கு ஒன்றை 10 மடங்கு பெரிதாக்கி வளையத்தைத் திருப்ப வேண்டும். விளக்கு முதலில் தட்டு அளவு இருக்கும், சுருங்கிச் சுருங்கிக் கடுகு ஆகும், இன்னும் ஒரு மயிரிழை திருப்பினால் மறுபடி தட்டாகிவிடும். கடுகில் நிறுத்தி, வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட வேண்டும். இந்த லென்ஸில் தூர அளவுகோலும் கிடையாது, வெகுதூரத்தைக் காட்டும் முடிவிலிக் குறியும் கிடையாது. டேப்தான் எல்லாம். அதை ஒட்டிவிட்டால் அந்த ராத்திரி முழுக்க நகரக் காட்சிகளுக்கு ஃபோகஸ் கவலை இல்லை. எஃப்/8, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 10 முதல் 15 விநாடி திறந்திருக்கும். வண்டிகளின் பின்விளக்குகள் சிவப்புக் கயிறு மாதிரி நீளும். (ட்ரைபாட் இருந்தால் இதற்கெல்லாம் கிட் லென்ஸே போதும். வாங்கியதை நியாயப்படுத்திக்கொள்ள ஒரு வருடம் இதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.)

ஆட்களுக்கு டேப் உதவாது. மூச்சு விட்டாலே அசைவார்கள். இப்போது நான் செய்வது இது: அவர்களுடைய செல்ஃபோன் டார்ச்சைக் கன்னத்துப் பக்கம் பிடிக்கச் சொல்லி, கண் இமையில் அல்லது ஹெல்மெட்டின் கண் துளை விளிம்பில் ஃபோகஸ் பிடிப்பேன். உடனே எம்எஃப்-க்கு (மேனுவல் ஃபோகஸுக்கு) மாற்றிவிட்டு டார்ச்சை அணைக்கச் சொல்வேன். அப்புறம் உடம்பை ஒரு இம்மி முன்னும் பின்னும் ஆட்டியபடி ஐந்தாறு படம், ஷட்டர் வேகம் 1/125 விநாடிக்குக் குறையாமல். ஒன்றாவது தேறும். பார்க்கிறவர்களுக்கு நான் ஏதோ சாமியாடுவது போலத்தான் தெரியும்.

நிறத்தில் பட்ட அடி தனிக்கதை. மஞ்சள் சோடியம் விளக்கின் கீழே, நீல அங்கி போட்ட ஒருவரை நிறுத்திவிட்டேன். பல மாதம் உட்கார்ந்து தைத்த உடை. படத்தில் அது கரிக்கட்டை நிறம். நிறத்தைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸை எவ்வளவு இழுத்தும் நீலம் வரவில்லை. எப்படி வரும்? அந்த விளக்கின் ஒளியில் நீலம் இருந்தால்தானே துணி திருப்பித் தர முடியும்? அதிலிருந்து கடைக் கண்ணாடியின் வெள்ளை வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்துத்தான் ஆளை நிறுத்துகிறேன். எல்இடி பலகைகள் பக்கம் போனால் படத்தில் பட்டை பட்டையாக விழும் என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

எதிர்பாராமல் கிடைத்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். லென்ஸின் வாயை, அதாவது அப்பர்ச்சரை, எஃப்/11, எஃப்/16 என்று இறுக்கினால் ஒவ்வொரு தெருவிளக்கும் நட்சத்திரமாகிவிடும். எண்ணிப் பார்த்தேன், 14 கதிர். என் லென்ஸில் அப்பர்ச்சரைத் திறந்து மூடும் தகடுகள், அதாவது இதழ்கள், 7. ஒற்றைப்படையில் இதழ் இருந்தால் கதிர் இரண்டு மடங்கு, இரட்டைப்படை என்றால் இதழுக்கு ஒன்று. சூரியன் மறைந்து வானம் முழுதாகக் கறுக்காமல் கருநீலத்தில் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில், ஈரத் தரை கிடைத்தால் நட்சத்திரம் மேலே பாதி, கீழே பாதி. இந்த விலைக்கு இந்த அழகை நான் கேட்கவே இல்லை.

இப்போது ரிப்பேர். போன மாதம் ‘கர்ர்ர்’ சத்தம் ‘கடகட’ ஆனது, பிறகு மோட்டார் ஓடும், லென்ஸ் நகராது. சரிசெய்தவர் உள்ளே இருந்து எடுத்த ஒரு பல்சக்கரத்தை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் பற்கள் மழுங்கிக் கிடந்தன. “ஏஎஃப்-ல, ஆட்டோஃபோகஸ்ல, இருக்கும்போதே வளையத்தைக் கையால திருப்புவீங்களா?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அது அலைகிற ஒவ்வொரு முறையும் ஆத்திரத்தில் வளையத்தைப் பிடித்து முறுக்கியது நான்தான். ஆனால் ஒரு மனிதன் எரிச்சலில் முறுக்குவான் என்று தெரிந்தே இவ்வளவு நோஞ்சான் பல் வைத்தவர்களை என்ன சொல்ல?

ஆக நண்பா, வாங்காதே. பல்லைக் கடித்துக்கொண்டு டேப் ஒட்டிப் பழகுகிற ஆள் நீ இல்லை. புகழ்ந்தது எல்லாம் நிஜம், அதற்காக வாங்கிவிடாதே. என்னுடையதை விற்கிறாயா என்றும் கேட்காதே.

நேற்று ராத்திரி புதுப் பல்சக்கரத்தோடு முதல் ஷூட். சத்தமே இல்லை, வழுக்கிக்கொண்டு போனது. மந்திரவாதி வேடத்தில் ஒருவர், முகத்தில் பாதி விளக்கொளி, அங்கி காற்றில் எழும்பி நிற்கிறது. ஒரே அழுத்தில் பிடித்துவிட்டது. ‘அடடா’ என்று திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவருக்கு நாலு மீட்டர் பின்னால் இருந்த குப்பைத் தொட்டியின் மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க முடிகிறது.