ரைஸ் பேப்பரா, முட்டைக்கோஸ் இலையா? பேலியோக்காரர்களுக்கான கணக்கு

பேலியோ என்பது மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் உணவுமுறை. மறுபக்கம் தெரியுமளவு மெல்லியது என்பதால் வியட்நாமிய ரோலைச் சுற்றும் அரிசித் தாளான ரைஸ் பேப்பரை யாரும் சோற்றுக் கணக்கில் சேர்ப்பதில்லை. அரிசி மாவு, மரவள்ளி ஸ்டார்ச், உப்பு, அவ்வளவுதான் அதில் உள்ளது. உலர்ந்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மாவுச்சத்து, நார்ச்சத்து பேருக்குத்தான். 22 செ.மீ. தாள் சுமார் 10 கிராம் இருக்கும், மாவுச்சத்து 8 கிராம். 16 செ.மீ. தாளில் அதில் பாதி.

நனைத்த தாளை எடை போடாதீர்கள், தண்ணீரும் கணக்கில் ஏறிவிடும். வெந்நீரில் ஊறவிட்டால் தாள் கிழியும். கிழிகிறதே என்று இரண்டு தாளாகச் சுற்றினால் 8 கிராம் 16 ஆகும். சாதாரணத் தண்ணீரில் சில நொடி முக்கி, விறைப்பு இருக்கும்போதே எடுத்துவிட்டால் பலகையில் தானாக இளகும்.

முட்டைக்கோஸ் இலைக்குத்தான் என் ஓட்டு. 35 கிராம் இலையில் நார்ச்சத்து போக மாவுச்சத்து 1 கிராம் சொச்சம். தண்டைக் குடைந்து எடுத்துவிட்டு முழுக் கோஸையும் கொதிக்கும் உப்புத் தண்ணீரில் இறக்குங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் வெளி இலைகள் கழன்று வரும்; உடனே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் குழைந்துவிடும். நடு நரம்பின் தடிப்பைக் கத்தியால் சீவுங்கள், சீவாத இலை மடிக்கும் இடத்தில் ஒடியும். பிறகு துணியால் இரு பக்கமும் ஒற்றி எடுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: ரைஸ் பேப்பர் தானாக ஒட்டிக்கொள்ளும், இலை ஒட்டாது. ஈரம் இருந்தால் வழுக்கிப் பிரியும். ஓரத்தை அடியில் வைத்து அடுக்குங்கள்.

முட்டையை அடித்து மெல்லிய தோசைபோலச் சுட்ட தாளில் மாவுச்சத்து அரை கிராம்தான், ஆனால் இறுக்கிச் சுற்றினால் விரியும். தேங்காயில் செய்த ராப் (சுற்றும் தாள்) பிராண்டுக்கு ஒரு விதம்; லேபிள் பார்க்காமல் நம்ப முடியாது.

தாளை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே சேமியாவை விட்டுவைத்தால் பயனில்லை. வெந்த அரிசிச் சேமியா 40 கிராமில் 10 கிராம் மாவுச்சத்து, தாளைவிட அதிகம். தொட்டுக்கொள்ளும் இனிப்பான ஹோய்சின் சாஸ் ஒரு மேசைக்கரண்டிக்கு இன்னொரு 7. முழு ரோல் ஒன்றே 25 கிராமைத் தொட்டுவிடும். நாளுக்கு 20 கிராம் மாவுச்சத்து என்று வரம்பு வைத்தவருக்கு அத்தோடு கதை முடிந்தது. 100 கிராம் வரை போகலாம் என்பவர் சேமியாவை நீக்கிச் சின்னத் தாள் இரண்டு சாப்பிடலாம், தப்பில்லை.

எண்ணெயில் பொரிப்பதென்றால் மட்டும் கோஸ் தோற்றுவிடும். மொறுமொறுப்பு ரைஸ் பேப்பரில்தான் வரும், அதுவும் நிறைய எண்ணெயைக் குடித்துக்கொண்டு.