குடைச்சல் வேறு, எரிச்சல் வேறு: சேலத்தில் நாலு வாரம்

ஏற்காடு எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் சேலம் ஜங்ஷனில் நின்றபோது என்னால் பெர்த்தை விட்டு உடனே எழ முடியவில்லை. கனடாவின் மாண்ட்ரியலிலிருந்து சென்னை வரை உட்கார்ந்தே வந்ததில், இடுப்பில் கிளம்பும் வலி இடது காலின் வெளிப்பக்கமாக இறங்கிக் கட்டைவிரல் வரை சுரீரென்று இழுத்தது. பெட்டிகளை வாங்கிக்கொண்ட தம்பி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மா நடக்கற மாதிரியே நடக்கறேக்கா" என்றான்.

அம்மாவுக்கு வயது 71. அம்மாபேட்டையில் நாற்பது வருஷம் தறிக்குழியில் காலை விட்டு, முதுகு வளைத்து நெய்தவர். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்க ஆரம்பித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. போனில் பேசும்போதெல்லாம் "கால் வலிக்குது கண்ணு" என்பார். நானும் "மாத்திரை போட்டீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவேன். எந்த இடத்தில், எப்படி வலிக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இந்த முறை நாலு வார விடுப்பில் வந்ததே அம்மாவின் காலையும் என் முதுகையும் ஒழுங்காகக் காட்டிவிட வேண்டும் என்றுதான். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வயதான பெற்றோரை வைத்திருக்கிறவர்களுக்கு உபயோகப்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் என் முதுகு. மாண்ட்ரியலில் ஒரு எம்.ஆர்.ஐ. எடுக்க மாதக்கணக்கில் காத்திருந்தேன், முறையே வரவில்லை. இங்கே காலையில் போன் செய்தால் மாலையில் ஸ்கேன், மறுநாள் ரிப்போர்ட் கையில். அந்த வேகத்தில் மயங்கித்தான் போனேன். ஆனால் ரிப்போர்ட்டைப் பார்த்த தனியார் மருத்துவர் என்னை எழுந்து நிற்கக்கூடச் சொல்லவில்லை. எல்4-எல்5 டிஸ்க், அதாவது கீழ்முதுகில் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை, பிதுங்கியிருக்கிறது, பெல்ட் போடுங்கள், பத்து நாள் டிராக்ஷன் (முதுகை இழுத்துவிடும் சிகிச்சை) எடுங்கள், குறையாவிட்டால் ஆபரேஷன் என்று ஐந்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டார். அன்று ராத்திரி தூக்கமே இல்லை. முதுகெலும்பு நொறுங்கப் போகிறது என்ற பயத்தில் வலி இரண்டு மடங்கானது போலிருந்தது.

அம்மாவின் மருந்து டப்பாவைத் திறந்தது அதைவிட மோசம். தெருமுனை மெடிக்கலில் "கால் வலி" என்று சொல்லி வாங்கிய மாத்திரைகள், பேர் தெரியாத சிறு காகிதக் கவர்களில் காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. இரண்டு வருஷமாக இப்படியே ஓடியிருக்கிறது. ஒரு அட்டையில் மட்டும் டைக்ளோஃபினாக் என்று படிக்க முடிந்தது. சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறவர்கள் இந்த வகை வலி மாத்திரையை நாள் கணக்கின்றி விழுங்கினால் சிறுநீரகத்தைத்தான் முதலில் தாக்கும். ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.6 வந்தது, இருக்க வேண்டியதைவிட அதிகம். கோபத்தைவிட எனக்குக் குற்ற உணர்ச்சிதான் அதிகம்.

திருப்பம் தெருவிலேயே இருந்தது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாதாமாதம் அம்மாவுக்கு சர்க்கரை மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் தன்னார்வலர் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய இந்தத் திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது, கேட்டால்தானே! அந்த வாரமே இளம் பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வந்தார். கட்டிலில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, முதல் கேள்வியாக, "பாட்டி, எப்படி வலிக்குது? உங்க வார்த்தையிலயே சொல்லுங்க" என்றார்.

அம்மா பேச ஆரம்பித்தார். முட்டியில் குடைச்சல். உட்கார்ந்து எழுந்தால் முதல் பத்தடி வரை பிடிப்பு, அப்புறம் விட்டுவிடும். படி இறங்கும்போதுதான் அதிகம். பாதத்தில் அப்படி இல்லை. அது எரிச்சல். ராத்திரி படுத்த பிறகு மிளகாய் அரைத்துப் பூசியது போல. சில நேரம் மதமதவென்று, செருப்புக் கழன்றால்கூடத் தெரியாது. பக்கத்தில் நின்றிருந்த எனக்கு வாயடைத்துப்போனது. இரண்டு வருஷமாக "கால் வலி" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு நோய் இருந்திருக்கிறது.

அந்தப் பெண் எனக்கு விளக்கினார். அசைத்தால் கூடி, ஓய்வில் குறையும் குடைச்சலும் பிடிப்பும் மூட்டுத் தேய்மானத்தின் பேச்சு. எரிச்சல், ஊசி குத்தல், ஷாக் அடிப்பது, மரத்துப்போவது எல்லாம் நரம்பின் பேச்சு. பையிலிருந்து மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தார். பாதத்தில் வைத்து வளையும் வரை அழுத்தினால் பத்து கிராம் அழுத்தம் தரும் இழை அது. அம்மாவைக் கண் மூடச் சொல்லி, "தொடறப்போ சொல்லுங்க பாட்டி" என்றார். கட்டைவிரலில் தொட்டார், முன்பாதத்தில் தொட்டார். அம்மா பேசாமல் காத்துக்கொண்டிருந்தார். "இன்னும் தொடலியா பாப்பா?" என்று கேட்டார். ஓடுகிற தறியில் ஒற்றை இழை அறுந்தால் விரல் நுனியில் கண்டுபிடித்து முடிச்சுப் போட்டவர் என் அம்மா. அந்த நிமிஷத்தை என்னால் மறக்க முடியாது.

மாண்ட்ரியலில் என்னை ஃபிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கேட்டது ஒன்றுதான்: வலி பத்துக்கு எத்தனை? ஒவ்வொரு முறையும் ஏழு என்று சொல்லி வைப்பேன். அதே ஊரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில்தான் ரொனால்ட் மெல்சாக் என்ற ஆய்வாளர், வலியை எண்ணால் மட்டும் அளக்க முடியாது என்று நோயாளிகள் சொல்லும் 78 சொற்களைத் திரட்டி 1975-ல் ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார். தமிழில் யாராவது அப்படித் திரட்ட உட்கார்ந்தால் குடைச்சல், கடுப்பு, உளைச்சல், குத்தல், விண்விண், சுரீர், மதமதப்பு, இழுப்பு என்று நம் பாட்டிகளே ஒரு மத்தியானத்தில் பட்டியலை நிரப்பிவிடுவார்கள். இவ்வளவு சொல் வைத்துக்கொண்டு "கால் வலி" என்று மெடிக்கலில் நிற்கிறோம் என்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி அம்மாவை சேலம் ஜி.ஹெச்.சுக்கு அழைத்துப்போனேன். மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கூட்டம் அதிகம்தான், காலை எட்டு மணிக்குப் போனால் மத்தியானம் ஆகிவிட்டது. அம்மாவுக்கு உட்கார இடம் பிடிப்பதே பெரும்பாடு. தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோங்கள். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள், தொட்டுப் பார்த்தார்கள், ஓ.பி.யில் ஒரு பைசா வாங்கவில்லை. அந்தக் கவர் மாத்திரைகள் அன்றோடு நின்றன. நரம்பு எரிச்சலுக்கு ராத்திரி மட்டும் பிரீகாபலின் மாத்திரை, சிறுநீரகம் பலவீனம் என்பதால் குறைந்த அளவில். தலை சுற்றும், ராத்திரி எழும்போது சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று எச்சரித்தார்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருஷம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதுவும் நரம்பைக் கெடுக்கும் என்று அதற்கும் பரிசோதனை எழுதினார்கள். முட்டிக்குத் தொடைத் தசைப் பயிற்சி. ஊன்றுகோலை வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டோம். வலது முட்டி மோசம் என்று அம்மா அதுவரை வலது கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். மூட்டு மாற்று அறுவைக்கு இப்போது அவசியம் இல்லை, தேவைப்பட்டால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் இங்கேயே செய்யலாம் என்றார்கள்.

என் முதுகையும் அந்தப் பிசியோதெரபிஸ்ட்தான் அமைதிப்படுத்தினார். குதிகாலில் நடக்கச் சொன்னார், நுனிக்காலில் நடக்கச் சொன்னார், படுக்கவைத்துக் காலை நேராகத் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரலை அவர் கைக்கு எதிராக மேலே தூக்க முடிகிறதா என்று சோதித்தார். பலம் போகவில்லை, நரம்பு அழுந்தி எரிச்சல் அடைந்திருக்கிறது, அவ்வளவுதான். முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்தாலும் ஐம்பது வயதில் பத்துக்கு ஆறு பேருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரியும் என்று சொன்னபோது எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. பெல்ட்டையும் டிராக்ஷனையும் நீண்டநாள் முதுகுவலிக்கு வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. நடை, பயிற்சி, பயத்தை விடுவது, இவைதான் வைத்தியம். ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, தொடைகளுக்கு நடுவே உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் தொங்கிப்போனாலோ ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும் என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னார்.

மூன்றாவது வாரம் ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் நான் சீட்டில் ஒரு தலையணையை முதுகுக்குக் கொடுத்து, நடுவில் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கி நடந்தேன். மேலே சாலையோரம் முடவாட்டுக்கால் கிழங்கு குவித்து விற்கிறார்கள். பேர் கிழங்கு, உண்மையில் அது மரத்திலும் பாறையிலும் ஒட்டி வளரும் பெரணிச் செடியின் தண்டு. ஆட்டுக்கால் போலவே ரோமத்தோடு இருக்கும். தோல் சீவி, மிளகு சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த சூப்பை அந்தக் குளிரில் குடிக்க அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும் பிடித்தது. ஆனால் சூப் விற்ற பெண்மணி, "இதக் குடிச்சா மாத்திரையே வேண்டாம்" என்றபோது நான் அவரிடமும் அம்மாவிடமும் பணிவாக மறுத்துச் சொன்னேன். சூப் குடியுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஏரிக்கரையில் அம்மா இடது கையில் கோலூன்றி, நாலு இடத்தில் நின்று நின்று, கால் மணி நேரம் நடந்தார்.

கிளம்புவதற்கு முதல் நாள் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் அம்மா சொல்லச் சொல்ல எழுதிச் சுவரில் ஒட்டினேன். முட்டி ஒரு பக்கம், பாதம் ஒரு பக்கம். எந்த மாத்திரை எதற்கு, எந்த வலி மாத்திரை கூடவே கூடாது, தன்னார்வலர் அக்காவின் எண். தினமும் ராத்திரி பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்து, புண் இருக்கிறதா என்று தம்பி மகள் சொல்ல வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை போன் போட்டேன். எரிச்சல் குறைந்து நாலு ராத்திரி தூங்கியிருக்கிறார். முட்டிக் குடைச்சல் அப்படியேதான் இருக்கிறது, பயிற்சி இரண்டு நாள் விட்டுப்போனது. நான் அடுத்த கேள்வி கேட்பதற்குள் அம்மாவே கேட்டார்: "உனக்கு எப்படிக் கண்ணு, இன்னும் சுரீர்னு இழுக்குதா, இல்ல மதமதப்பு மட்டுந்தானா?"