கிளவுடி மவுண்டனா, ட்ரெஷர் ஆஃப் டார்மினா?

இன்டெலிவிஷன் என்ற பழைய வீடியோ கேம் கருவிக்கு மேட்டல் வெளியிட்ட இந்த இரண்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேம் கேட்ரிட்ஜ்களில் எதை வாங்குவது?

பார்வை: கிளவுடி மவுண்டனில் (1982) குகையை மேலிருந்து பார்க்கிறோம். டார்மினில் (1983) சுவர்கள் நம் கண்ணெதிரே.

சண்டை: முன்னதில் ஓடிக்கொண்டே அம்பு விட வேண்டும். பின்னதில் நீ ஒன்று, நான் ஒன்று என மாறி மாறி அடி.

சத்தம்: இங்கே கிளவுடி மவுண்டன்தான் ராஜா. பாம்பின் சீறல், அது கண்ணில் படும் முன்பே கேட்கும். மிச்ச அம்புகளைக்கூட டிக் டிக் ஒலியை எண்ணித்தான் அறிய முடியும்!

கற்பது: டார்மினுக்குப் பொறுமை வேண்டும். கன்ட்ரோலரில் செருகும், எந்த பட்டன் எதற்கு என்று காட்டும் ஓவர்லே அட்டை இல்லாமல் வாங்கினால் திண்டாட்டம்தான்.

அரைமணி நேரப் பரபரப்புக்கு முதலாவது. உணவு, ஆயுதம் என்று கணக்குப் போட்டு மினோட்டார் என்ற எருதுத்தலை அரக்கனைத் தேடிப் போகிறவருக்கு டார்மின். என் ஓட்டு டார்மினுக்கே.