த்ரீ நாட் த்ரீயா, இஷாப்பூர் 2ஏ1-ஆ?

தங்கை மகன் போன மாதம் உச்சிப்புளிக்கு வந்திருந்தபோது, காவல்துறை ஆயுதக் கண்காட்சியில் எடுத்த ஒரு துப்பாக்கிப் படத்தைக் காட்டினான். "மாமா, இது த்ரீ நாட் த்ரீ தானே?" பார்த்ததும் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மூக்கு மொட்டை, குழலின் நுனி வரைக்கும் மரக்கட்டை. ஆனால் மேகசின், அதாவது கீழே தோட்டா அடைக்கும் பெட்டி, சதுரமாக இருந்தது. "இல்லப்பா, இது 2ஏ1" என்றேன். ராணுவத்தில் ஆயுதம் பழுதுபார்த்தவன் நான். இந்த இரண்டையும் ஒன்று என்று சொல்லிவிட்டுப் போக மனசு ஒப்பவில்லை.

த்ரீ நாட் த்ரீ (.303) என்று நம் ஊரில் சொல்வது பெரும்பாலும் பிரிட்டிஷ் காலத்து லீ என்ஃபீல்டு நம்பர் 1 மார்க் 3. 1907-ல் வந்தது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்துக்கு ஏழு வயது மூப்பு. இதன் தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு. தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பில் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். மாறினால் போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் தண்டு) தள்ளும்போது சிக்கிக்கொள்ளும். விளிம்புகள் இப்படி முன்பின்னாக நிற்பதால்தான் மேகசினின் அடிப்பாகம் சரிந்திருக்கிறது.

2ஏ1 பிறந்தது 1962 சீனப் போருக்குப் பிறகு. தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் புது எஸ்.எல்.ஆர். துப்பாக்கி எல்லோர் கைக்கும் போய்ச் சேரும்வரை இடைவெளியை நிரப்ப, பழைய வடிவத்தையே இன்னும் உறுதியான எஃகில், 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்றபடி வங்காளத்து இஷாப்பூர் துப்பாக்கி ஆலையில் செய்தார்கள். அந்தத் தோட்டாவுக்கு விளிம்பு துருத்தாது, அதனால் சிக்கலும் இல்லை, மேகசினும் சதுரம். குறிபார்க்கும் பின் சைட்டைப் பாருங்கள்: மார்க் 3-ல் 2000 கஜம் வரை கோடு போட்டிருக்கும், 2ஏ1-ல் 800 மீட்டரோடு நின்றுவிடும். அந்த 2000 கஜத்தை யாரும் குறிபார்த்துச் சுட்டதில்லை என்பதால் 800-ஐயே நேர்மையான எண் என்பேன்.

லீ என்ஃபீல்டில் நம்பர் 4 என்று ஒன்றும் உண்டு. அதில் குழல் கட்டையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

சரி, எது நம் கடற்கரையில் தாங்கும்? மார்க் 3-ன் தோளில் பதியும் பித்தளை அடித்தகடு பச்சை பூக்கும். அது கண்ணுக்குத் தெரிகிற கேடு. தெரியாத கேடு கட்டைக்கு அடியில் இருக்கிறது. முன்கட்டையைக் கழற்றினால், மரம் இரும்பைத் தொடும் விளிம்பு நெடுக ஒரு செம்பழுப்புக் கோடு ஓடும். மேலே கறுப்பு மின்னிக்கொண்டிருக்க, உள்ளே குழி விழுந்திருக்கும். பழைய .303 தோட்டாவில் மருந்தைப் பற்றவைக்கும் கேப் வெடித்ததும் உப்புப் படிவையும் விட்டுப்போகும். அதைக் கொதிநீரால் கழுவித்தான் எண்ணெய் போட வேண்டும், வெறும் எண்ணெய் போதாது. 2ஏ1-ல் பல துப்பாக்கிகளுக்குக் கறுப்பு வண்ணம் பூசியிருப்பார்கள். அது காற்றைத் தடுக்கும், ஆனால் ஓரிடத்தில் கொப்பளித்தால் அடியில் துரு நிம்மதியாக வளரும். கட்டையைக் கழற்றிப் பார்க்காத இடத்தில் இரண்டுமே அழியும்.

வீட்டில் வைக்கலாமா என்றால், கூடாது. .303, 7.62 இரண்டும் ஆயுதச் சட்டத்தில் தடைசெய்யப்பட்ட ரகம். பரணில் தாத்தா காலத்துத் துப்பாக்கி கிடைத்தால் தயங்காமல் காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள். நம்மைப் போன்றவர்கள் சேர்க்கக்கூடியது பித்தளை எண்ணெய்க் குப்பி, குழலைத் துடைக்கும் புல்துரூ கயிறு, பழைய பயிற்சிக் கையேடு, படங்கள்.

ரெண்டில் எதை விரும்புவேன் என்று கேட்டால், 2ஏ1-ஐத்தான். இதை 'டூப்ளிகேட்' என்று ஒதுக்குவது எனக்கு வருத்தம். மார்க் 3-ஐ எங்கெங்கோ செய்தார்கள். இது இஷாப்பூரில் மட்டும் செய்தது, நம் தேவைக்காக நம் ஆட்கள் திருத்தியது.

அடுத்த தடவை போகும்போது கட்டையைப் படம் எடுக்காதே, போல்ட் பிடிக்குக் கீழே வலப்பக்கம் இருக்கும் இரும்பு வளையத்தை எடு என்று மருமகனிடம் சொல்லியிருக்கிறேன். ஆர்.எஃப்.ஐ. (ரைபிள் ஃபேக்டரி இஷாப்பூர்), ரகம், வருடம் எல்லாம் அங்கேதான் குத்தியிருக்கும்.