கல்விப்பணி விளம்பரத் தளங்கள்: தேட நான்கு நட்சத்திரம், நம்ப இரண்டு

உதவிப் பேராசிரியர், முதுமுனைவர் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்) பணிகளைத் திரட்டித் தரும் தளங்களில் தேடல் வசதி குறை சொல்ல முடியாதது. துறைவாரியாக வடிகட்டலாம், மின்னஞ்சல் அறிவிப்பும் வரும். விளம்பரம் உண்மையா என்று மட்டும் பல தளங்களில் யாரும் பார்ப்பதில்லை. கட்டணம் வந்தால் பதிவு ஏறிவிடும்.

மோசமானவை, ஆளை முடிவுசெய்துவிட்டு விதிமுறைக்காக மட்டும் வெளியிடப்படுபவை. குறுகிய கெடு, ஒருவருக்கே அளவெடுத்துத் தைத்ததுபோல் தகுதிகள்: இன்ன கருவி, இன்ன தரவு, அதிலும் இன்ன காலகட்டம். இவை சேர்ந்து வந்தால் சந்தேகப்படலாம். ‘நிதி கிடைப்பதைப் பொறுத்து’ என்றால் பணம் இன்னும் உறுதியாகவில்லை. ‘நீட்டிக்க வாய்ப்புண்டு’ என்பது வாக்குறுதியே அல்ல. சில விளம்பரங்களில் சம்பளம் முழுநேரக் கணக்கில் அச்சாகியிருக்கும். பணி பாதிநேரம்தான் (50 விழுக்காடு) என்பது கீழே பொடி எழுத்தில்.

விண்ணப்பம் எழுதும் முன் நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் பணி எண்ணையும் கெடுவையும் ஒப்பிடுங்கள். திரட்டித் தளங்களில் காலாவதியானவையும் கிடக்கும். பிறகு தொடர்பாளருக்கு மூன்றே கேள்வி: இப்பணியில் இப்போது யாராவது இருக்கிறார்களா, நிதி ஒப்புதல் ஆகிவிட்டதா, வாரத்துக்கு எத்தனை மணி நேர வகுப்பு? மழுப்பலாகப் பதில் வந்தால், பரிந்துரைக் கடிதத்துக்காக யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம்.