ரெசின் ஜல்லித் தளத்தில் எப்போது கார் ஏற்றலாம்?

மழைநீர் உள்ளே இறங்கும் தளம் வேண்டும் என்று தேடினால், பெரும்பாலும் மூன்றில் வந்து நிற்போம்: ரெசினில் (செயற்கைப் பிசினில்) குழைத்த ஜல்லி, நுண்துளை கான்கிரீட், இடுக்கு விட்டுப் பதிக்கும் பேவர் பிளாக்.

பேவர் பிளாக்கிற்குக் காத்திருப்பே கிடையாது. இறுகுவதற்கு அதில் எதுவும் இல்லை. அதிர்வு இயந்திரத்தால் அழுத்தி, இடுக்குகளில் பொடிஜல்லியை நிரப்பிவிட்டால் அன்றைக்கே வண்டி ஏற்றலாம்.

நுண்துளை கான்கிரீட் நேர் எதிர். உடம்பெல்லாம் துளை என்பதால் ஈரம் சட்டென்று பறந்துவிடும். அதனால் போட்ட 20 நிமிடத்துக்குள் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, குறைந்தது 7 நாள் தொடாமல் விட வேண்டும்.

கான்கிரீட்டுக்கு உயிரான அந்த ஈரம்தான் ரெசினுக்கு எமன். இது காய்ந்து இறுகுவதல்ல. பாலியூரித்தேனின் இரண்டு பாகங்கள் வினைபுரிந்து இறுகுவது. நடுவில் தண்ணீர் புகுந்தால், அந்த இரண்டில் ஒன்றான ஐசோசயனேட் அதோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். கலவை நுரைக்கும், வெளுக்கும், கல் பிடிப்பில்லாமல் உதிரும். உலர்த்திய ஜல்லிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பது இதற்காகத்தான்.

சரி, எத்தனை மணி நேரம்? 20 டிகிரி செல்சியஸ் வாக்கில் 4 முதல் 8 மணி நேரத்தில் நடக்கலாம், 24 மணி நேரத்தில் கார் ஏற்றலாம். குளிரில் இது 48 மணி நேரத்தையும் தாண்டும். வினையூக்கி சேர்த்து விரைவுபடுத்தலாம்தான். அளவு கூடினால் கரணையால் தேய்த்து முடிப்பதற்குள் கலவை கல்லாகிவிடும். விரலில் ஒட்டவில்லை என்பதை மட்டும் நம்பவே கூடாது: மேல்பரப்பு முந்திக்கொள்ளும், அடியில் வேலை முடிந்திருக்காது. முதல் சில நாட்களுக்கு, நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் இருப்பது நல்லது. மேலிருந்து அழுத்தும் எடையை விடப் பக்கவாட்டில் திருகும் விசைதான் கற்களைப் பெயர்க்கும்.

‘ஒரே நாளில் தயார்’ என்ற பேச்சில் அடித்தளம் கணக்கில் வருவதில்லை. கீழே புதிதாகக் கான்கிரீட் போட்டால் அது இறுகி, ஈரம் போன பிறகுதான் மேலே ரெசின். அப்போது ஒரு நாள் என்பது வாரக்கணக்காகிவிடும். நீர் இறங்கும் அடித்தளம் ஏற்கெனவே இருந்து, வானமும் தெளிவாக இருந்தால் நான் ரெசினைத்தான் எடுப்பேன். மேகம் கட்டியிருந்தால் பேவர் பிளாக். இறுகும் முன் மழை பிடித்து நுரைத்துப்போன பகுதியை மேல்பூச்சால் மறைக்க முடியாது. வெட்டியெடுத்துப் புதிதாகப் போட வேண்டும், அந்த ஒட்டுத் தழும்பும் தெரியும்.