அமிலோபிளாஸ்டோமாவா, கெரட்டோசிஸ்ட்டா? தாடை எலும்பைத் தின்னும் இரண்டு கட்டிகள்

இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயில் கீழ்த்தாடையின் பின்பக்கம், ஞானப்பல்லை ஒட்டி, சோப்பு நுரை போல அறை அறையாகக் கருமை தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியவை அமிலோபிளாஸ்டோமாவும் (பல் உருவாக்கும் திசுவிலிருந்து வரும் கட்டி) கெரட்டோசிஸ்ட்டும் (உள்ளே கெரட்டின் என்ற புரதம் சேரும் நீர்க்கட்டி). இரண்டும் புற்றுநோய் அல்ல. ஆனாலும் எலும்பை அரித்துக்கொண்டே போகும், சரியாக எடுக்காவிட்டால் திரும்பவும் வரும்.

பல் வலிக்காக எடுத்த எக்ஸ்ரேயை மட்டும் வைத்து எது என்று முடிவு செய்யக் கூடாது என்பதே என் கருத்து. சிடி எடுத்துப் பார்த்தால் நல்ல துப்பு கிடைக்கும். அமிலோபிளாஸ்டோமா எலும்பைக் கன்னத்தின் பக்கமும் நாக்கின் பக்கமும் புடைக்க வைக்கும், பக்கத்துப் பற்களின் வேரையும் பெரும்பாலும் கரைக்கும். கெரட்டோசிஸ்ட் எலும்பின் உட்புறமாகவே முன்னும் பின்னும் நீண்டு போகும். முகத்தில் வீக்கமே தெரியாமல் தாடையின் பாதியைக்கூடப் பிடித்துவிடும். சிறு வயதிலேயே பல இடங்களில் வந்தால் மரபணுக் கோளாறால் வரும் கோர்லின் நோய்க்குறித்தொகுப்பா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது ஊசி குத்திக் கட்டிக்குள் இருப்பதை உறிஞ்சிப் பார்ப்பது. கெட்டியான வெள்ளைக் கூழ் வந்தால் கெரட்டோசிஸ்ட் பக்கம் சாயலாம். ஊசியில் ரத்தம் பீறிட்டு வந்தால் அங்கே கத்தி வைக்கக் கூடாது, அது ரத்தக்குழாய்க் கோளாறாக இருக்கலாம். அதனால்தான் வெட்டுவதற்கு முன்பே ஊசியால் உறிஞ்சிப் பார்க்கிறார்கள்.

கடைசி வார்த்தை பயாப்ஸியுடையது, அதாவது துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனையுடையது. ஆனால் அதுவும் ஏமாற்றும். சீழ் பிடித்த கெரட்டோசிஸ்ட்டில் அதன் அடையாளமான மெல்லிய, அலையலையான கெரட்டின் படலம் அழிந்துபோயிருக்கும். ஒற்றை அறை அமிலோபிளாஸ்டோமாவில் ஒரு மூலையில் மட்டும் துணுக்கு எடுத்தால் சாதாரண நீர்க்கட்டி என்றே அறிக்கை வரலாம். படமும் அறிக்கையும் ஒத்துப்போகவில்லையா, மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? வழக்கமான அமிலோபிளாஸ்டோமாவைச் சுரண்டி மட்டும் எடுத்தால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். அதனால் சுற்றிலும் 1 முதல் 2 சென்டிமீட்டர் நல்ல எலும்போடு வெட்டி எடுக்கிறார்கள். கெரட்டோசிஸ்ட்டுக்குப் பெரும்பாலும் தாடையை வெட்ட வேண்டியதில்லை. திறந்து வடியவிட்டுச் சுருக்கலாம், அப்புறம் வழித்தெடுக்கலாம். ஆனால் பல வருடங்கள் கழித்தும் வரக்கூடியது என்பதால் படம் எடுத்துப் பார்ப்பதை நிறுத்தக் கூடாது.

பயாப்ஸியில் ராட்சத செல்கள் (பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்கள்) என்று வந்தால் கதையே வேறு. அறுவைக்கு முன் ரத்தத்தில் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்த்தாக வேண்டும். கோளாறு அந்த ஹார்மோனைச் சுரக்கும் கழுத்துச் சுரப்பியில் இருந்தால் அதற்குத்தான் முதலில் சிகிச்சை.